சேலம் குகையில் ஒரு நீள வீடு, ஒரு வைஃபை 6 ரவுட்டர்

வாங்கிய வாரமே ஐந்து நட்சத்திரம் போடுகிறவர்களை நான் நம்புவதில்லை. சேலத்தில் ஒரு ரவுட்டருக்கு மார்க் போட வேண்டுமென்றால் அது ஒரு சித்திரை வெயிலையும் ஒரு ஆடிப் பண்டிகைக் கூட்டத்தையும் பார்த்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் இருப்பது இரண்டையும் பார்த்தாயிற்று. அதனால் எழுதுகிறேன்.

பொருள் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வைஃபை 6, அதாவது வைஃபையின் ஆறாம் தலைமுறை, ஏஎக்ஸ்3000 ரகம். 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசையும் உண்டு. நாலாயிரத்துச் சொச்சம் ஆனது. பிறகு அதே கம்பெனியின் சின்னப் பெட்டி ஒன்று, ஏஎக்ஸ்1500 ரகம், பின்கட்டுக்காக வாங்கினோம். கம்பெனிப் பெயரை எழுதப் போவதில்லை. குறை சொல்லும் இடங்களும் வரும். தவிர, இந்த விலைக்குக் கிடைக்கும் மற்றப் பெட்டிகளுக்கும் நான் சொல்வதில் முக்கால்வாசி பொருந்தும்.

வீட்டைப் பற்றிச் சொல்லாமல் வைஃபையைப் பற்றிச் சொல்ல முடியாது. குகைப் பகுதியில் எங்களுடையது பழைய நெசவாளர் வீடு. அகலம் குறைவு, நீளம் அதிகம். திண்ணையை அடைத்து எடுத்தது என் ஆபீஸ் அறை. அடுத்தது கூடம், அப்புறம் முற்றம், சமையற்கட்டு, கடைசியில் தறிக்கூடம். மாமனார் காலத்தோடு தறி நின்றுவிட்டது. குழியை மூடி டைல்ஸ் போட்டு இப்போது அது மகளின் படிப்பறை. சுவரெல்லாம் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும், ஒன்றரை அடி கனம். வெயில் காலத்தில் உள்ளே குளுகுளுவென்று இருக்கும். வைஃபைக்குத்தான் ஆகாது. இரண்டு பக்கமும் பொதுச்சுவர் என்பதால் பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தமும் அவர்கள் வைஃபையும் ஒன்றாகவே எங்கள் வீட்டுக்குள் வரும்.

நான் வீட்டிலிருந்தே ஜிஎஸ்டி, வருமான வரிக் கணக்கு பார்க்கிறேன். செவ்வாய்ப்பேட்டை மண்டிக்காரர்கள், வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள், ஜவ்வரிசி வியாபாரிகள் என்று கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். மாதம் 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனைப் பட்டியல், 20ஆம் தேதிக்குள் 3பி என்ற வரி ரிட்டர்ன். அந்த இரண்டு தேதிக்கு முந்தைய சாயங்காலம் நெட் சுணங்கினால் போன் அடிக்க ஆரம்பித்துவிடும். அத்தை கூடத்தில் சீரியல் பார்ப்பார், அதுவும் இப்போது நெட்டில்தான். மகளுக்குப் பின்கட்டில் நீட் ஆன்லைன் வகுப்பு. வாசலில் ஒரு கேமரா, என்னிடம் ஒரு பழைய வைஃபை பிரிண்டர், உதவிக்கு வரும் பெண்ணின் லேப்டாப், எல்லோருடைய போன்கள். இவ்வளவுக்கும் முன்பு இருந்தது நெட் இணைப்புக்காரர்கள் இனாமாகக் கொடுத்த பெட்டிதான்.

இனாம் பெட்டியின் குறை என்ன என்று பார்த்தால், முதல் குறை வைஃபையே இல்லை. அதன் பின்பக்கத்தில் வயர் செருகும் லேன் துளைகள் 100 எம்பிபிஎஸ் (விநாடிக்கு இத்தனை மெகாபிட் என்ற நெட் வேக அளவு) ரகம். நாங்கள் மாதாமாதம் 200 எம்பிபிஎஸ் வேகத்துக்குப் பணம் கட்டிக்கொண்டிருந்தோம். கம்ப்யூட்டரை நேராக வயரில் செருகினாலும் 94க்கு மேல் ஏறவே ஏறாது. இது பலர் வீட்டில் இன்றும் இருக்கும் கதை. புது ரவுட்டர் வாங்கும் முன் உங்கள் பெட்டியின் பின்னால் கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) என்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இணைப்புக்காரர்களிடம் பெட்டியை மாற்றித் தரச் சொல்லிக் கேட்பதுதான் முதல் வேலை, காசும் செலவில்லை. நாங்கள் கேட்டோம். 'சிஸ்டத்தில் கம்ப்ளெயின்ட் போட்டாச்சு மேடம்' என்றே நாள் ஓடியது. கடைசியில் மாற்றித் தந்தார்கள், அதையும் சொல்லியாக வேண்டும். இப்போது அந்தப் பெட்டி ஃபைபரை வாங்கிக் கொடுப்பதோடு சரி. அதில் வைஃபையை அணைத்து, பிரிட்ஜ் மோடில் போட்டு, மற்ற வேலையெல்லாம் புது ரவுட்டரிடம் விட்டாயிற்று. இரண்டும் ஒரே நேரத்தில் ரவுட்டர் வேலை பார்த்தால் கேமரா, ஆபீஸ் விபிஎன் மாதிரி விஷயங்கள் மக்கர் செய்யும்.

ஐந்து ரோட்டுப் பக்கம் ஒரு கடையில் வாங்கினேன். கடைப் பையன் பெட்டியைத் தட்டிக்காட்டி, “அக்கா, நாலு ஆன்டெனா இருக்குதுங்க, மொட்டை மாடி வரைக்கும் பிச்சிக்கிட்டுப் போகும்” என்றான். “சுவர் ஒன்றரை அடி தம்பி” என்றேன். “அதெல்லாம் தாண்டிடுங்க்கா” என்றான். தாண்டவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

பெட்டி மேல் போட்டிருக்கும் 3000 என்ற எண்ணைப் பற்றிக் கணக்குப் பார்க்கிறவளாக எனக்கு ஒரு வருத்தம் உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸில் 574, 5 கிகாஹெர்ட்ஸில் 2402, இரண்டையும் கூட்டி, கொஞ்சம் உயர்த்தி முழு எண்ணாக்கினால் 3000. வைஃபை 6 போன் ஒரு நேரத்தில் ஒரு அலைவரிசையில்தான் பேசும், ஆகவே இந்தக் கூட்டுத்தொகை எந்தப் போனுக்கும் கிடைக்காது. அந்த 2402கூட ரவுட்டரும் போனும் இரண்டுமே 160 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனலில் (அலைவரிசைக்குள் ஒரு தடம்தான் சேனல்) பேசினால்தான். சாதாரணமாக நம் கையில் இருக்கும் வைஃபை 6 போன்கள் பெரும்பாலும் 80 மெகாஹெர்ட்ஸ், அதற்கு உச்சம் 1201. அதிலும் காற்றில் போகும் சம்பிரதாயப் பேச்சுக்கெல்லாம் கழித்துவிட்டால் உண்மையில் கையில் நிற்பது பாதிக்குக் கொஞ்சம் மேலே. யாராவது இப்படி ஒரு வியாபாரக் கணக்கு எழுதிக்கொண்டு வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். ஆனால் 200 எம்பிபிஎஸ் இணைப்புக்கு அந்தப் பாதியே தாராளம். அதனால் பெரிய எண்ணுக்காக மட்டும் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை.

அந்த 160 மெகாஹெர்ட்ஸை ஆசைக்குப் போட்டுப் பார்த்தோம். திடீரென்று 5 கிகாஹெர்ட்ஸ் பெயரே காணாமல் போகும், ஒரு நிமிடம் கழித்துத் திரும்பி வரும். காரணம் இதுதான்: அவ்வளவு அகலமான சேனல் வேண்டுமென்றால் ரேடார்கள் பயன்படுத்தும் பகுதியிலும் ரவுட்டர் கால் வைத்தாக வேண்டும். அங்கே பேச ஆரம்பிக்கும் முன் அது 60 விநாடி சும்மா காது கொடுத்துக் கேட்க வேண்டும். ரேடார் மாதிரி ஏதாவது கேட்டால் இடத்தைக் காலி செய்ய வேண்டும். அது விதி. எங்கள் வீட்டில் கேட்டது உண்மையான ரேடாரா, வேறு எதையாவது அப்படி நினைத்துக்கொண்டதா என்பது அந்த ரவுட்டருக்குத்தான் வெளிச்சம். 80க்கு இறக்கி, சேனல் 36இல் நிறுத்தினேன். அதற்கப்புறம் அந்தத் தொல்லை இல்லை.

சரி, நல்லதைச் சொல்கிறேன். நெருக்கமான தெருவுக்கு இந்தப் புதுத் தொழில்நுட்பம் உண்மையிலேயே நல்லது.

எங்கள் தெருவில் சாயங்காலம் ஏழு மணிக்குப் போனில் வைஃபை பட்டியலைத் திறந்தால் பக்கத்து வீட்டுப் பெயர்கள் விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. தெரு முழுவதும் அந்த மூன்றில்தான் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறது. போதாக்குறைக்கு மைக்ரோவேவ் அடுப்பும் அதே பக்கத்தில் இரைச்சல் போடும். 5 கிகாஹெர்ட்ஸில் இடம் நிறைய. 2018இல் மத்திய அரசு அந்தப் பகுதியில் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. பழைய பெட்டியில் 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தும் அத்தையின் டிவி எப்போதும் 2.4இல்தான் போய் ஒட்டிக்கொள்ளும். இப்போது இரண்டுக்கும் வேறு வேறு பெயர் வைத்து, டிவியை 5இல் பூட்டியாயிற்று. இதற்கு வைஃபை 6 தேவையில்லை, பழைய பெட்டியிலும் செய்யக்கூடியதுதான்.

வைஃபை 6இன் சொந்த வேலை கூட்டத்தில்தான் தெரியும். அதற்குச் சரியான பரீட்சை வண்டி வேடிக்கை. ஆடியில் குகை மாரியம்மன், காளியம்மன் கோயில் பண்டிகைக்குச் சாமி வேடம் போட்டவர்களை ஏற்றிக்கொண்டு அலங்கார வண்டிகள் வரும்; வெளியூரிலிருந்தெல்லாம் ஜனம் வரும். எங்கள் வீட்டுக்கும் கொண்டலாம்பட்டி, ராசிபுரம், ஆத்தூர் என்று சொந்தக்காரர்கள் வந்து திண்ணையிலும் மாடியிலும் நிறைந்துவிடுவார்கள். தெருவில் அவ்வளவு பேர் போனைத் தூக்கிப் பிடித்தால் மொபைல் டவர் திணறிவிடும். அப்புறம் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: “வைஃபை பாஸ்வேர்டு என்னங்க?” இனாம் பெட்டி இருந்த வருடங்களில் ராத்திரி ஒன்பதரைக்கு அது மூச்சுவிடாமல் நின்றுவிடும், அணைத்துப் போட வேண்டியிருக்கும். போன ஆடியில் முருகர் வேடத்துக் குழந்தை வண்டி வீட்டு முன்னால் நின்றபோது மாடியில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வீடியோவை ஸ்டேட்டஸில் ஏற்றினார்கள். ஏறியது. உள்ளே அத்தை பெங்களூரில் இருக்கும் நாத்தனாரோடு வீடியோ காலில் வேடிக்கையைக் காட்டிக்கொண்டிருந்தார், அதுவும் அறுபடவில்லை.

இதற்குக் காரணமாகச் சொல்லப்படுவது ஓஎஃப்டிஎம்ஏ என்ற முறை. பழைய வைஃபையில் பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் முழுச் சேனலையும் எடுத்துக்கொள்ளும், அது அனுப்புவது சின்னச் செய்தியாக இருந்தாலும். லீ பஜாரிலிருந்து ஒரு மூட்டைக்கு ஒரு குட்டியானை அனுப்புவது அந்த முறை. நாலு கடை மூட்டையை ஒரே வண்டியில் ஏற்றி அனுப்புவது வைஃபை 6. இன்னொன்று, வைஃபை 5இல் ஒரே நேரத்தில் பல பேருக்குப் பேசும் வித்தை ரவுட்டரிலிருந்து போனுக்கு வரும் திசையில் மட்டும்தான் இருந்தது. 6இல் போனிலிருந்து ரவுட்டருக்குப் போகும் திசையிலும் உண்டு. வண்டி வேடிக்கையில் எல்லோரும் ஏற்றுகிறவர்கள்தானே, அங்கே இது கைகொடுக்கிறது.

ஆனால் போனிலும் வைஃபை 6 இருந்தால்தான் இந்த வித்தை நடக்கும். ராசிபுரம் பெரியப்பாவின் போன் பழைய மாதிரியேதான் வரிசையில் நிற்கும். புதுப் போன்கள் சீக்கிரம் முடித்துக்கொண்டு நகர்வதால் அவருக்கும் கொஞ்சம் முன்னாலேயே முறை வரும், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் பிராசசரும் பழைய பெட்டியைவிட வலுவானது. அந்த ராத்திரி தப்பித்ததில் எவ்வளவு ஓஎஃப்டிஎம்ஏ, எவ்வளவு பிராசசர் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. பக்கத்து வீட்டு வைஃபையைக் கண்டுகொள்ளாமல் பேசும் 'கலரிங்' என்ற வசதியையும் விளம்பரத்தில் போடுகிறார்கள். பக்கத்து வீட்டிலும் வைஃபை 6 இருக்க வேண்டும் அதற்கு. எங்கள் தெருவில் இன்னும் இனாம் பெட்டி ராஜ்ஜியம்தான்.

இனி சுவர் விஷயம். இதில்தான் கடைப் பையனின் பேச்சு எடுபடவில்லை, எந்தக் கடைப் பையனின் பேச்சும் எடுபடாது. கூடத்தில் ரவுட்டருக்குப் பக்கத்தில் 195 காட்டிய போன், ஒரு சுவர் தாண்டி என் ஆபீஸ் அறையில் 150 காட்டியது. முற்றம் தாண்டிச் சமையற்கட்டுக்குப் போனால் 40. தறிக்கூடத்தில் 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் தெரியும், இணைத்தால் நிற்காது. 2.4இல் பத்து, பன்னிரண்டு கிடைத்தது, அதுவும் சாயங்காலம் ஏழு மணிக்கு ஆடும். அலை வேகமாகத் துடிக்கத் துடிக்கச் சுவரைத் தாண்டும் சக்தி குறையும், அது இயற்கை. அனுப்பும் பலத்துக்கோ அரசு வரம்பு இருக்கிறது. அதனால் ஆன்டெனா நாலு இருந்தாலும் எட்டு இருந்தாலும் ஒன்றரை அடிச் சுவர் அப்படியேதான் நிற்கும். வைஃபை 6இல் நெருக்கமாக அடுக்கி அனுப்பும் முறையால் வரும் கூடுதல் வேகம் ரவுட்டர் இருக்கும் அறையில் மட்டும் கிடைக்கும் லாபம். சுவருக்கு அப்பால் அது பழைய வேகத்துக்கே இறங்கிவிடுகிறது. இரும்பு பீரோ, ஆளுயரக் கண்ணாடி, தண்ணீர் டிரம் இவையும் வழியில் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் கூடத்தில் கோத்ரெஜ் பீரோவைச் சுவர் மாற்றி வைத்ததில் சமையற்கட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே கிடைத்தது.

மலிவாக விற்கும் ரிப்பீட்டர்களை இதற்குத் தீர்வு என்பார்கள். ஒரே ரேடியோவில் வாங்கி அதே ரேடியோவில் திருப்பிக் கொடுப்பதால் அதில் வேகம் பாதியாகிவிடும். புதிதாக வரும் மெஷ் பெட்டிகளும் (பல பெட்டி சேர்ந்து ஒரே வைஃபையாக வேலை பார்ப்பவை) விலை குறைந்தவையாக இருந்தால் கம்பியில்லாமல் போடும்போது அதே கதைதான், கொஞ்சம் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொள்ளும், அவ்வளவு. மெஷ்ஷின் முழுப் பலன் இரண்டு பெட்டிக்கும் நடுவில் லேன் வயர் இழுத்தால்தான்.

வயர் இழுக்க எங்கள் எலக்ட்ரீஷியன் தம்பி வந்தார். முதலில் அவர் கொண்டு வந்த சுருளைப் பார்த்தேன். அட்டையில் கேட் 6 என்று லேன் வயரின் தரத்தைப் போட்டு, ஓரத்தில் சின்னதாக சிசிஏ என்று இருந்தது. அப்படியென்றால் செம்பு பூசிய அலுமினியம். பிளேடால் ஒரு கம்பியைச் சுரண்டிக் காட்டச் சொன்னேன். சிவப்பு உரிந்து உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. வெள்ளிக் கொலுசுக்காரர்களோடு பழகி முலாம் பார்க்கும் பழக்கம் எனக்கு. “இதுவே போதுங்க்கா, எல்லாரும் இதுதான் போடுறாங்க” என்றார். “நீங்க செம்பே வாங்கிட்டு வாங்க தம்பி, வித்தியாசத்தை நான் கொடுக்கறேன்” என்றேன். அலுமினியம் சீக்கிரம் முறியும், முனையில் பிடிப்பும் காலப்போக்கில் தளரும். சுவருக்குள் போகிற பொருளில் நூறு இருநூறு பார்க்கக் கூடாது.

சுவரைத் துளைத்தது தனிக் கதை. ஒன்றரை அடிக்கும் நீளமான டிரில் பிட்டை வாடகைக்கு எடுத்து வந்தார். காரை பொடிப்பொடியாகக் கொட்டிக்கொண்டே இருந்தது, நடுவில் ஒரு கருங்கல் மாட்டி பிட் நின்றுவிட்டது, ஒரு சாண் தள்ளி மறுபடி ஆரம்பித்தார். அத்தை சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, “காத்துலயே வர்றதுன்னுதானே வாங்கினீங்க?” என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. முற்றத்தில் வெயில் படும் இடத்தில் பிவிசி குழாய்க்குள் வயரை விட்டு, தறிக்கூடத்து மூலையில் சின்னப் பெட்டியை மாட்டினோம். மாட்டியதும் இணைப்பு 100 என்று காட்டியது. உள்ளே எட்டுக் கம்பியும் சரியாகப் பிடித்தால்தான் 1000 வரும். ஒரு ஜோடி விட்டுப்போனால் பல நேரம் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும், நெட் ஓடிக்கொண்டிருப்பதால் யாரும் கவனிக்க மாட்டார்கள். தம்பி ஒரு முனையை வெட்டிப் புது ஆர்ஜே45 பிளக் போட்டு கிரிம்ப் செய்தார், 1000 வந்தது. மகளின் அறையில் இப்போது 190. வயர் போட்டதற்கு அப்புறம் 'நெட் கட்டாகிடுச்சும்மா' என்ற குரல் பின்கட்டிலிருந்து வருவதில்லை.

ஒரு சின்னக் குறை உண்டு. பேசிக்கொண்டே கூடத்திலிருந்து பின்கட்டுக்கு நடந்தால் போன் முதல் பெட்டியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். எந்தப் பெட்டிக்கு எப்போது மாறுவது என்று முடிவு செய்வது போன்தான். ரவுட்டர் பரிந்துரைக்கலாம், இழுத்துப் பிடிக்க முடியாது. பெட்டி மாறுவதைச் சுருக்காக்கும் ஃபாஸ்ட் ரோமிங்கைப் போட்டு, இரண்டு பெட்டியின் பலத்தையும் நடுத்தரமாகக் குறைத்து வைத்ததில் பரவாயில்லாமல் இருக்கிறது. அத்தையின் பழைய போன் மட்டும் இன்னும் முற்றத்தில் இரண்டு விநாடி யோசிக்கும்.

வெயிலைப் பற்றி விளம்பரத்தில் யாரும் சொல்வதில்லை. பெட்டியில் சின்ன எழுத்தில் 0 முதல் 40 டிகிரி வரை என்று போட்டிருக்கிறது. சேலத்தில் சித்திரையில் வெளியே 40 தொடுவது புதிதல்ல. கூடத்தில் கனச் சுவர் காப்பாற்றியது. தறிக்கூடத்துக் கூரை பின்னால் போட்ட சிமென்ட் ஷீட், அங்கே மத்தியானம் சின்னப் பெட்டியைத் தொட்டால் கை சுடும். ஷீட்டை ஒட்டி உயரத்தில் மாட்டியிருந்ததை ஆளுயரத்துக்கு இறக்கினோம், நிழலில் காற்றோட்டமாக. மூடிய ஷோகேஸுக்குள் ரவுட்டரை வைத்துப் பட்டுத்துணி போர்த்துகிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். வேண்டாம்.

மின்தடைக்கும் ஒரு வார்த்தை. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பதுக்கு நிறுத்தினால் மத்தியானம் தாண்டித்தான் வரும். பழைய பெட்டிக்கு ஒரு மினி யுபிஎஸ் (கரன்ட் போனால் ஓட்டும் சின்ன பேட்டரி) வைத்திருந்தோம். புது ரவுட்டரின் அடாப்டர் 12 வோல்ட், 2 ஆம்பியர் கேட்கிறது. பழைய மினி யுபிஎஸ் 1 ஆம்பியர்தான் கொடுக்கும். இவற்றில் வோல்ட் ஒன்றாக இருக்க வேண்டும், ஆம்பியர் ரவுட்டர் கேட்பதற்குச் சமமாகவோ கூடவோ இருக்க வேண்டும். ஃபைபர் பெட்டிக்கு ஒன்று, ரவுட்டருக்கு ஒன்று, பின்கட்டுப் பெட்டிக்கு ஒன்று என்று மூன்று இடத்தில் கரன்ட் வேண்டும் என்பது மெஷ் வாங்குகிறவர்கள் கணக்கில் சேர்க்காத செலவு. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் கவலையில்லை.

பாதுகாப்பில் டபிள்யூபிஏ3 என்ற புதுப் பூட்டு முறை வந்திருக்கிறது. பழைய டபிள்யூபிஏ2வில், நம் போன் ரவுட்டரோடு கைகுலுக்கும் அந்தக் கணத்தைப் பதிவு செய்துகொண்டு போய், வீட்டில் உட்கார்ந்து ஆயிரக்கணக்கான பாஸ்வேர்டுகளைப் போட்டுப் பார்க்க முடியும். மூன்றில் அந்த வழியை அடைத்துவிட்டார்கள். பலருடைய வரிக் கணக்கு என் கம்ப்யூட்டரில் இருப்பதால் எனக்கு இது முக்கியம். ஆனால் மூன்றை மட்டும் போட்டதும் பிரிண்டர் செத்துப்போனது, கேமராவும் வரவில்லை. இரண்டும் மூன்றும் கலந்த முறையில் வைத்தால் எல்லாம் வருகிறது, பாதுகாப்பு பாதி வீணாகிறது. நான் செய்தது: ஆபீஸ் கம்ப்யூட்டர்களுக்கு 5 கிகாஹெர்ட்ஸில் டபிள்யூபிஏ3 மட்டும், பிரிண்டருக்கு லேன் வயர், கேமராவுக்கும் விருந்தாளிகளுக்கும் 2.4இல் தனி கெஸ்ட் பெயர். வண்டி வேடிக்கைக்கு மட்டும் 5இலும் ஒரு கெஸ்ட் பெயரைத் திறந்துவிடுவேன். அதன் பாஸ்வேர்டை மறுநாள் காலையிலேயே மாற்றிவிடுவது வழக்கம்.

எனக்குப் பிடிக்காத ஒன்று, எடுத்த எடுப்பில் ஆப் போடு, அக்கவுன்ட் திற, மின்னஞ்சல் கொடு என்று கேட்பது. என் வீட்டு ரவுட்டரை நான் திறக்க யாரோ ஒருவருடைய சர்வரில் எதற்குப் பெயர் எழுத வேண்டும்? பிரவுசரில் முகவரி போட்டு உள்ளே போகிற பழைய வழி இதில் இன்னும் இருக்கிறது, அதில்தான் எல்லாம் செய்தேன். மெஷ் தொகுப்புகள் சிலவற்றில் அந்த வழியும் கிடையாது, வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். போன் பேட்டரி மிச்சமாகும் என்று ஒரு வசதி போட்டிருந்தார்கள். எங்கள் வீட்டு எந்தப் போனும் அதனால் ஒரு மணி நேரம்கூட அதிகம் நிற்கவில்லை.

கொலுசுப் பட்டறைக்காரர் ஒருவர், “மேடம், இப்ப ஏழு வந்துடுச்சாமே, ஆறு எதுக்கு?” என்று கேட்டார். வைஃபை 7க்குச் சான்றிதழ் கொடுக்க ஆரம்பித்தது 2024 ஜனவரியில். ஒரே நேரத்தில் இரண்டு அலைவரிசையிலும் பேசுவது அதன் புது வித்தை, அது நல்ல யோசனைதான். அதன் பெரிய பலம் 6 கிகாஹெர்ட்ஸில் 320 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனல். இந்தியாவில் 5925 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ் வரை வீட்டுக்குள் உரிமமில்லாமல் பயன்படுத்துவதற்கான வரைவு விதிகளே 2025 மே மாதத்தில்தான் வந்தன. அந்த 500இல் 320 அகலத்துக்கு ஒரு சேனல்தான் அடங்கும். இங்கே விலை குறைவாக விற்கும் வைஃபை 7 பெட்டிகள் பலவற்றில் 6 கிகாஹெர்ட்ஸே இல்லை. இருந்தாலும் அது 5ஐவிடச் சுவருக்குப் பயந்தது. பட்டறையில் அவருக்கு வேண்டியது கேமராவுக்கும் பில்லிங் கம்ப்யூட்டருக்கும் நெட். ஏஎக்ஸ்1500 போதும் என்று சொல்லி அனுப்பினேன்.

ஏற்காட்டில் நாகலூர் போகும் வழியில் என் தங்கை வீட்டிலோ பிரச்சினையே வேறு. காபித் தோட்டத்துக்குள் கருங்கல் வீடு, பின்னால் விருந்தினருக்கு இரண்டு அறை கட்டி விட்டிருக்கிறார்கள். அங்கே பட்டியலைத் திறந்தால் அவர்கள் பெயர் ஒன்றுதான் தெரியும். சேனல் நெரிசல் என்ற பேச்சே கிடையாது. என் தெருவில் வைஃபை 6 சம்பாதித்துக் கொடுக்கும் நல்ல பெயருக்கு அங்கே வேலை இல்லை. “அக்கா, உன்னோட ரவுட்டரையே வாங்கட்டுமா?” என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அங்கே நெட் போவது சில்வர் ஓக் கிளை முறிந்து ஃபைபர் மேல் விழும்போதும், குரங்கு வயரைப் பிடித்துத் தொங்கும்போதும், கரன்ட் போகும்போதும். அதற்கு எந்த ரவுட்டரும் மருந்தில்லை.

அதைவிட முக்கியம் இடி. ஃபைபரின் கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் இரண்டு கட்டடத்துக்கு நடுவில் வெட்டவெளியில் அவர்கள் இழுத்திருந்தது செம்பு லேன் வயர். ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி பக்கத்தில் எங்கோ விழுந்த இடியில் ரவுட்டரின் லேன் துளைகள் போயின, வைஃபை மட்டும் பிழைத்தது. இப்போது கட்டடத்துக்குக் கட்டடம் ஃபைபரே போட்டு, இரு முனையிலும் ஃபைபரையும் லேன் வயரையும் சேர்க்கும் மீடியா கன்வெர்ட்டர் வைத்திருக்கிறார்கள். இரும்புத் தாங்குகம்பி இல்லாத ஃபைபராகக் கேட்டு வாங்கச் சொன்னேன், அந்தக் கம்பி இருந்தால் அதுவும் மின்சாரத்தைக் கொண்டுவரும். ஒவ்வொரு அறைக்கும் விலை குறைந்த வைஃபை 6 பெட்டி ஒன்று. வைஃபை 5 வாங்கினாலும் அவர்களுக்குப் போதும், விலை வித்தியாசம் இப்போது அதிகமில்லை என்பதால் 6 என்றேன். மிச்சப் பணத்துக்கு நல்ல மினி யுபிஎஸ்ஸும் எர்த்தும்.

வாங்குகிறவர்களுக்கு என் தொழில் சம்பந்தமாக ஒன்று. ரவுட்டருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். கடைக்கோ பட்டறைக்கோ வாங்குகிறவர்கள், இன்புட் எடுக்க, அதாவது வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளத் தகுதி உள்ளவர்கள், பில்லில் உங்கள் ஜிஎஸ்டி எண்ணைப் போடச் சொல்லுங்கள். 'பில் இல்லாம முந்நூறு கம்மிங்க' என்று சொல்லும் கடைகளில் வாரன்டியும் கம்மியாகவே இருக்கும். என் சின்னப் பெட்டியின் அடாப்டர் வெயிலில் போனபோது பில்லைக் காட்டித்தான் மாற்றி வாங்கினேன். அடுத்த மாதம் ஜிஎஸ்டி தளத்தில் 2பி என்ற கொள்முதல் பட்டியலில் அந்தப் பில் வந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். வரவில்லையென்றால் பெரும்பாலும் கடைக்காரர் இன்னும் ரிட்டர்ன் போடவில்லை, அல்லது அதில் உங்கள் பில்லைச் சேர்க்கவில்லை என்று அர்த்தம், போன் போட்டுக் கேளுங்கள்.